மூத்தவனாக இருக்க ஒரு மொழி

அத்தியாயம் பதினொன்று

புதன்கிழமைக் கப்பலில் பெரியவர் வருகிறார் என்று பினாங்கிலிருந்து தந்தி வந்ததும், மரைக்காயர் வீடு அமளிப்பட்டதும் வாசகர்களுக்குத் தெரியும். போன வாரம் படிக்கத் தவறியவர்களுக்காக நாலு வரி சொல்லிவிட்டு ஜெட்டிக்குப் போவோம்.

ரங்கூன் லத்தா வட்டாரத்தில் பாக்கும் கிராம்பும் மொத்தமாக விற்ற நாகூர்க்காரர் முகைதீன் மரைக்காயர் மவுத்தாகி ஆறு மாதம் ஆகிறது. அவர் உட்கார்ந்த இடத்தில் இப்போது மூத்த மகன் பர்கத்துல்லா உட்கார்கிறான். நாகூர் மனைவி மதீனா பீவியின் மகன். இளையவன் முத்து முகம்மது, மரைக்காயர் ரங்கூனில் மணந்துகொண்ட பர்மியப் பெண் சைதாவின் மகன். சைதா இறந்து இருபத்துநாலு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து முத்து முகம்மதுவுக்கும் மதீனா பீவிதான் உம்மா. புருஷனுக்காக ஒதுங்கியிருக்கும் இத்தா முடிந்து இப்போதுதான் அவள் அறையை விட்டு வெளியே வந்து அடுப்படியைப் பார்க்கிறாள்.

வீட்டின் மாடிப் பின்னறையில் மூன்று வருஷமாக யுன் என்ற கொரியா தேசத்து வாலிபன் குடியிருக்கிறான். ஜின்செங் என்ற மருந்து வேர் விற்கும் வியாபாரி. பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பர்மா முழுவதும் சீனர் கடைகளில் ஏறி இறங்குகிறவன். பர்மிய மொழி பேசத் துணை வேண்டும் என்று முத்து முகம்மதுவைக் கூட்டிக்கொண்டு போவான். ஐராவதியில் ஸ்டீமர் ஏறி இறங்கிய நேரத்தில் முத்து முகம்மது அவனுடைய மொழியைப் பிடித்துக்கொண்டான். தமிழ், பர்மியம், இந்துஸ்தானி, லத்தா சீனர்களிடம் பேரம் பேசும் அளவுக்கு ஹொக்கியன். ஐந்தாவதாக இது.

இப்போது யுன் மாந்தலையில் இருக்கிறான், சனிக்கிழமைதான் திரும்புவான். கப்பலில் வருகிறவர் அவனுடைய பெரியப்பா. அவரோடு ஒரு வார்த்தை பேச இந்தப் பட்டணத்தில் முத்து முகம்மதுவை விட்டால் வேறு ஆள் அகப்படுவதாக இல்லை.

பர்கத்துல்லாவுக்கு இதில் ஏகப்பட்ட பெருமை. "எந்தம்பிக்குத் தெரியாத பாஷை கெடையாது" என்று மூன்று நாளாகத் தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

முத்து முகம்மதுவுக்குத்தான் மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. காரணம், அந்த மொழியில் அவன் தம்பி இல்லை.

அந்த மொழியின் சங்கதி அப்படி. எதிரே நிற்பவர் நம்மைவிடப் பெரியவரா சின்னவரா என்று தெரியாமல் வாயைத் திறக்க முடியாது. நாம் சாப்பிட்டால் அது 'பாப்'. அதையே பெரியவர் சாப்பிட்டால் 'ஜின்ஜி'. சோறு என்னவோ ஒன்றுதான். வயதுக்கு இரண்டு சொல், உறக்கத்துக்கு இரண்டு சொல், வீட்டுக்கும் பெயருக்கும் இரண்டிரண்டு, சாவுக்குக்கூட இரண்டு. பெரியவருடையதை உயர்த்திச் சொல்ல வேண்டும், தன்னுடையதைத் தாழ்த்திச் சொல்ல வேண்டும். தனக்குத்தானே உயர்ந்த சொல்லைப் போட்டுக்கொண்டால் சிரிப்பார்கள். பெரியவருக்குத் தாழ்ந்ததைப் போட்டால் சிரிக்க மாட்டார்கள், எழுந்து போய்விடுவார்கள்.

ஆகவே அந்த ஊர்க்காரர்கள் பார்த்தவுடன் வயதைக் கேட்டுவிடுவார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் புரோம் போகும் ஸ்டீமரின் மேல்தட்டில் யுன்னும் கேட்டான். சீனர் கணக்கில் எந்த மிருகத்தின் வருஷம் என்றும் கேட்டான்.

வீட்டில் சொல்கிற வயதைத்தான் முத்து முகம்மது சொல்லியிருக்க வேண்டும். ஆற்றுக் காற்றோ, சுற்றிலும் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத தைரியமோ, உண்மையைச் சொல்லிவிட்டான். பறக்கும் நாகத்தின் வருஷம். பர்கத்துல்லா பிறந்தது அதற்கு அடுத்த வருஷம்.

ஆமாம், முத்து முகம்மதுதான் மூத்தவன்.

மரைக்காயர் நாகூரில் மதீனா பீவியை நிக்காஹ் செய்துகொண்டு மூன்றாம் மாதம் ரங்கூனுக்குக் கப்பல் ஏறியவர். ஏறிய வருஷமே இங்கே சைதாவை மணந்தார். அதை ஊருக்கு எழுதவில்லை. இரண்டு வருஷம் கழித்து, ஒரு தடவை ஊருக்குப் போய்த் திரும்பி, பர்கத்துல்லா மதீனா பீவியின் வயிற்றில் இருக்கும்போதுதான் எழுதினார். தனிமை பொறுக்கவில்லை, இங்கே ஒரு பெண்ணை நிக்காஹ் செய்துகொள்ளப் போகிறேன், நீ சம்மதிக்க வேண்டும் என்று. மதீனா பீவி அழுது முடித்துவிட்டுச் சம்மதம் என்று பதில் எழுதினாள். அந்தக் கடிதத்துக்குத் தோதாக முத்து முகம்மதுவின் வயதில் இரண்டு குறைந்தது.

சைதா இறந்த பிறகு மதீனா பீவியும் பர்கத்துல்லாவும் நாகூரிலிருந்து வந்து இறங்கினார்கள். அன்று காலை ஜெட்டியில் வாப்பா அவன் தோளில் கை வைத்து, "இன்னையிலேர்ந்து நீ தம்பி. வர்றது உன் நானா. உம்மா மனசு நோகக் கூடாது" என்றார். அவனுக்கு அப்போது வயது பத்து. ஒல்லியான உடம்பு, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

உம்மா மனசு நோகக் கூடாது என்பதை முதலில் வாப்பாவுக்குப் பயந்து காப்பாற்றினான். பிறகு அவளுக்காகவே காப்பாற்றினான். டைபாய்டில் அவன் கிடந்த நாற்பது நாளும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள். புருஷன் தன்னை ஏமாற்றவில்லை, கேட்டுக்கொண்டுதான் செய்தார் என்பது மதீனா பீவிக்கு ஆயுசுக்கும் பெரிய ஆறுதல். இத்தாவில் துக்கம் கேட்க வந்த பெண்களிடமெல்லாம் அவள் திரும்பத் திரும்பச் சொன்னது அதைத்தான்.

ஆனால் யுன், ஸ்டீமரில் கேட்டுக்கொண்ட நாளிலிருந்து அவனைக் 'குன் ஹியொங்நிம்' என்று அழைத்தான். பெரிய அண்ணன் அவர்கள் என்று அர்த்தம். பர்கத்துல்லா 'ஜாகுன் ஹியொங்நிம்'. சின்ன அண்ணன் அவர்கள். பர்கத்துல்லா அதைக் கடை முதலாளிக்கு அவர்கள் ஊரில் உள்ள பட்டம் என்று நம்பிக்கொண்டிருந்தான். அப்படி நம்ப வைத்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மூத்தவனாக இருக்க முத்து முகம்மதுவுக்கு உலகத்தில் அந்த ஒரு மொழிதான் இருந்தது. அந்த அழைப்பு காதில் விழும்போதெல்லாம் அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைப்பானேன்.

அந்த யுன்தான் வீட்டுச் சங்கதி ஒன்று விடாமல் பெரியப்பாவுக்குக் கடிதம் எழுதுகிறவன்.

*

கப்பலிலிருந்து இறங்கிய கூட்டத்தில் பெரியவரைத் தேட வேண்டியிருக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே தொங்கும் வெள்ளை அங்கி, குதிரை மயிரில் பின்னிய கறுப்புத் தொப்பி, பத்துப் பதினைந்து வெள்ளை முடியே உள்ள தாடி. கூலிகள்கூட மூட்டையோடு நின்று பார்த்தார்கள்.

பர்கத்துல்லா சாட்டின் கோட்டும் துருக்கித் தொப்பியுமாக முன்னால் போய் ஸலாம் சொன்னான். பெரியவர் அவனுக்கு அளவாகத் தலை வணங்கினார். பிறகு அவனைக் கடந்து முத்து முகம்மதுவிடம் வந்தார். இரண்டு கையையும் வயிற்றில் வைத்துக்கொண்டு இடுப்பு மடியக் குனிந்து, நிறுத்தி நிறுத்தி நீளமாகப் பேசினார்.

தகப்பனாரை இழந்த மூத்த மகனுக்குத் தம் குடும்பத்தின் துக்கத்தைத் தெரிவித்துக்கொள்வதாகச் சொன்னார். இறந்ததற்கு அவர் போட்டது உயர்ந்த சொல். முத்து முகம்மதுவும் குனிந்து, தன்னைத் தாழ்த்திக்கொள்ள என்னென்ன உண்டோ அத்தனையையும் போட்டுப் பதில் சொன்னான்.

"என்ன சொல்றாஹ?" என்றான் பர்கத்துல்லா.

"வாப்பா மவுத்துக்கு வருத்தம் சொல்றாஹ, நானா."

"அதை எங்கிட்டெல்ல சொல்லணும்?"

"பாஷை தெரிஞ்சவங்கிட்டத்தானே சொல்ல முடியும்."

பர்கத்துல்லா ஒரு நிமிஷம் யோசித்தான். "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டுக் குதிரை வண்டியைக் கூப்பிடப் போனான். அவன் நல்லவன். நல்லவனை ஏமாற்றுவது எவ்வளவு சுலபமோ அவ்வளவு கஷ்டம் என்று வண்டியில் போகும்போது முத்து முகம்மது நினைத்துக்கொண்டான்.

*

மதிய லுஹர் தொழுகை முடிந்து விருந்து. கூடத்தில் பாய் விரித்து நடுவில் சஹன் வைத்தார்கள். ஒரே பெரிய தட்டில் நெய்ச்சோற்றைக் குவித்து, மேலே கறியை வைத்து, சுற்றி உட்கார்ந்து எல்லோரும் அதிலேயே எடுத்துச் சாப்பிடுவது. பெரியவர், பர்கத்துல்லா, முத்து முகம்மது, மூன்று பேருக்கு ஒரு சஹன். கூடத்துக்கும் உள்வீட்டுக்கும் நடுவில் தொங்கிய திரைக்குப் பின்னால் மதீனா பீவி நின்றுகொண்டு, தால்சா ஆறிப்போகாமல் பார்த்துக்கொண்டாள்.

ஒரே தட்டில் சாப்பிடுவதைப் பார்த்துப் பெரியவர் கொஞ்சம் திகைத்தார். பிறகு மடியிலிருந்து தம்முடைய பித்தளைக் கரண்டியை எடுத்துத் துடைத்து ஒரு வாய் எடுத்துக்கொண்டார். விருந்தாளி தொடங்கிவிட்டாரே என்று பர்கத்துல்லா பிஸ்மி சொல்லிக் கையை நீட்டினான்.

பெரியவர் அவன் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்தார்.

அழுத்தவில்லை, வைத்தார், அவ்வளவுதான். பர்கத்துல்லாவின் கை தட்டுக்கு மேலே நின்றது. பெரியவர் முத்து முகம்மதுவின் பக்கம் திரும்பி, இரண்டு கையாலும் தட்டைக் காட்டி, உணவு அருந்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மூத்தவர் வாயில் வைப்பதற்கு முன்னால் இளையவர் தொடக் கூடாது. அவர் ஊரில் சுண்டைக்காய்ப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சங்கதி. யாரும் இந்த வீட்டு இளையவனுக்குச் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது என்று அவர் வருத்தப்பட்டிருக்க வேண்டும்.

"என்னவாம்?" என்றான் பர்கத்துல்லா, கையை மடக்காமலே.

முத்து முகம்மதுவின் வாயில் பொய் தானாக வந்தது. "ரெண்டு பேருக்கு நடுவுல பேசுறவனுக்கு முதல் வாய் கொடுக்கணுமாம். பசியோட பேசுனா பேச்சு கோணிப் போயிருமாம்."

"நல்ல வழக்கமால்ல இருக்கு." பர்கத்துல்லா சிரித்தான். "தின்னுடா."

முத்து முகம்மது எடுத்துத் தின்றான். நானாவுக்கு முன்னால் ஒரு சஹனில் அவன் கை வைத்தது இருபத்துநாலு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. அந்த ஒரு வாயைத் தண்ணீர் குடித்து இறக்கினான்.

திரைக்குப் பின்னால் கரண்டிச் சத்தம் நின்றுபோயிருந்தது. அதை அவன் கவனித்தான்.

*

சாப்பிட்ட பிறகு பெரியவர் புகை பிடிக்கப் பின்தாழ்வாரத்துக்குப் போனார். கீழே கடையில் ஆள் கூப்பிட்டு பர்கத்துல்லா இறங்கிப் போயிருந்தான். மாலை அசர் தொழுகைக்குப் பிறகு, வீட்டுத் தாயாரைத் திரைக்கு வெளியே இருந்தாவது வணங்கிவிட்டுப் போக வேண்டும் என்று பெரியவர் கேட்டிருந்தார். மதீனா பீவியும் சரி என்றுவிட்டாள். அவள் எதிரே இவர் மறுபடியும் வரிசை பார்த்துக் குனிவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

முத்து முகம்மது அவர் எதிரே முழங்காலிட்டு உட்கார்ந்தான்.

"தங்களிடம் ஒரு விண்ணப்பம் செய்துகொள்ள அனுமதிக்க வேண்டும்."

"சொல்லுங்கள்."

"இந்த வீட்டில் என் சகோதரரே மூத்தவர். அவருக்கு முன்னால் என்னை உயர்த்தாதிருக்க வேண்டும்."

பெரியவர் புகைக்குழாயை வாயிலிருந்து எடுத்தார். "என் தம்பி மகன் பொய் எழுதிவிட்டானா?"

"இல்லை. அவர் எழுதியது உண்மை."

"பிறகு நீங்கள் கேட்பது என்ன? சொல்லைத் தாழ்த்திவிடலாம். நீங்கள் பிறந்த வருஷத்தை நான் எப்படித் தாழ்த்துவது?"

முத்து முகம்மது எல்லாவற்றையும் சொன்னான். கடிதத்தைச் சொன்னான், ஜெட்டியைச் சொன்னான், டைபாய்டைச் சொன்னான். சில இடங்களில் சொல் கிடைக்காமல் கையால் காட்டினான். வெளியாரிடம் பேசும்போது தன் வீட்டாரைக் கொஞ்சம் தாழ்த்தித்தான் சொல்ல வேண்டும் என்று யுன் கற்றுக் கொடுத்திருந்தான். மதீனா பீவியைப் பற்றிச் சொல்லும்போது அவனுக்கு அந்தத் தாழ்ந்த சொற்கள் வாயில் வரவில்லை. அவள் நின்றாள், உட்கார்ந்தாள், அழுதாள் என்பதற்கெல்லாம் இருப்பதிலேயே உயர்ந்ததையே போட்டான்.

பெரியவர் கடைசிவரை குறுக்கிடவில்லை.

"உங்கள் தாயாரைப் பற்றித் தவறாகப் பேசினீர்கள்" என்றார் பிறகு. "அதை நான் திருத்தப் போவதில்லை."

"மன்னிக்க வேண்டும்."

"எழுபது வயதுக்கு மேல் என்னை வரிசை தப்பி வணங்கச் சொல்கிறீர்கள். எங்கள் ஊரில் தெரிந்தால் என் பெயரனே என்னைக் கேட்பான்." குழாயைத் தட்டிச் சாம்பலைக் கொட்டினார். "வணங்குகிறேன்."

முத்து முகம்மது பிழைத்தோம் என்று நினைத்தான். எழுந்து உள்ளே போகும்போது கால் மரத்திருந்தது.

*

அசருக்குப் பிறகு பெரியவர் கூடத்தில் திரையைப் பார்த்து உட்கார்ந்தார். சொன்னபடியே செய்தார். முதலில் பர்கத்துல்லாவுக்குக் குனிந்தார், ஆழமாகக் குனிந்தார். முத்து முகம்மதுவுக்குத் தலையை மட்டும் அசைத்தார். திரையைப் பார்த்து, இப்படிப்பட்ட மூத்த மகனைப் பெற்றவர் பாக்கியவதி, தம் பிள்ளைக்கு அந்நிய ஊரில் ஒரு வீடு கொடுத்த கை நன்றாக இருக்க வேண்டும் என்றார்.

முத்து முகம்மது அதை ஒரு சொல் குறையாமல் தமிழில் சொன்னான். காலையிலிருந்து அவன் நேர்மையாக மொழிபெயர்த்தது இது ஒன்றுதான். பர்கத்துல்லாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"பர்கத்து" என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "பெரியவஹளுக்கு அத்தர் கொண்டாரணும். கீழே பெட்டியில உங்க வாப்பா வச்சிருந்த சந்தன அத்தர் இருக்கும், நீயே பார்த்து எடுத்துட்டு வா."

பர்கத்துல்லா எழுந்து போனான். மாடிப்படி முழுவதும் அவன் செருப்புச் சத்தம் கேட்டு அடங்கியது.

"முத்து."

"உம்மா."

"மதியம் அவன் கையைப் புடிச்சு நிறுத்துனாஹ. இப்ப அவனுக்குத்தான் முதல்ல குனியுறாஹ. நடுவுல என்ன ஆச்சு?"

முத்து முகம்மது பாயின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தான்.

"பின்தாழ்வாரத்துல நீங்க பேசிக்கிட்டு இருந்தப்ப நான் பாத்திரம் எடுக்க வந்தேன். ஒரு வார்த்தை வெளங்கலெ. நீ கெஞ்சுறே, அது மட்டும் வெளங்குச்சு. எம்புள்ளெ எதுக்கு ஒருத்தர் கால்ல உக்காந்து கெஞ்சுது?"

"ஒண்ணுமில்லெ உம்மா, அவங்க ஊர் மரியாதை..."

"யுன் தம்பி உன்னைக் குன்னுன்னு சொல்லும், பர்கத்தை ஜாகுன்னுன்னு சொல்லும். மூணு வருஷமா கேக்குறேன். எது பெருசு, எது சின்னது?"

பொய் சொல்வது அவனுக்கு இன்று பழகிப்போன வேலை. நானாவிடம் காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று சளைக்காமல் சொன்னவன்தான். திரைக்கு அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுவது கேட்டது. அவனால் முடியவில்லை.

"குன்னுன்னா பெரிய, உம்மா. ஜாகுன்னுன்னா சின்ன."

"நீ பெரியவனா?"

"ஆமா."

"எவ்வளவு?"

"ஒரு வருஷம்."

மதீனா பீவி கணக்குப் பார்த்தாள். அதற்கு ரொம்ப நேரம் தேவைப்படவில்லை. பெரியவர் தம் முழங்காலில் கை வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். மொழி தெரியாவிட்டாலும் நடப்பது என்னவென்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"உங்க வாப்பா நீ பொறந்த வருஷம் எனக்குக் கடுதாசி போட்டாஹ" என்றாள். குரல் தாழ்ந்திருந்தது, உடையவில்லை. "ஒத்தையாளா பொங்கித் திங்கிறேன், வாய்க்கு ருசியா ஒண்ணும் இல்லெண்டு. நான் தேம்பித் தேம்பி அழுதேன். நார்த்தங்கா ஊறுகா ரெண்டு ஜாடி போட்டு, வாயைத் துணியால கட்டி, கப்பல்ல போறவங்ககிட்ட கொடுத்து அனுப்புனேன். வருஷா வருஷம் அனுப்புனேன்."

முத்து முகம்மது தலையைக் குனிந்துகொண்டான்.

"உன்னைப் பெத்த உங்கம்மாவும் தின்னிருப்பாஹ."

"நானும் தின்னிருக்கேன், உம்மா."

"ருசியா இருந்துச்சா?"

"ருசியா இருந்துச்சு."

திரைக்குப் பின்னால் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று அவனுக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று நான் சொல்வேன். முப்பத்தைந்து வருஷம் நம்பிய மனிதர் இனி எழுந்து வந்து பதில் சொல்லப் போவதில்லை. கோபிக்கக்கூட ஆள் இல்லாத கோபம் அது. மதீனா பீவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

"என் மவனை நீ நானான்னு கூப்புட்டப்பல்லாம் உனக்குக் கஷ்டமா இல்லையா?"

"முதல் ரெண்டு வருஷம் இருந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் நெசமாவே நானாவா ஆயிட்டாஹ. யுன் வந்து என்னைப் பெரியவன்னு கூப்புட்டப்பத்தான் மறுபடியும் தெரிஞ்சுது, எனக்கு அது ஆசையா இருந்துச்சுன்னு. நீங்க இதைக் கேட்டிருக்கவே வேணாம், உம்மா. நான் அன்னைக்கு ஸ்டீமர்ல வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும்."

"வாயை மூடிக்கிட்டு இருந்தது போதும்" என்றாள் மதீனா பீவி. "என்னை ஏமாத்துனது உங்க வாப்பா. அதுக்கு உன் வயசைக் கொடுத்தது நீ. பத்து வயசுப் புள்ளெ. எனக்காகக் கொடுத்திருக்கே. அதை நான் வாங்கி மடியில கட்டிக்கிட்டு மவுத்தாக முடியுமா?"

"உம்மா, நானாவுக்கு..."

"பெரியவஹகிட்ட நான் சொல்றதைச் சொல்லு. கூட்டாதே, குறைக்காதே."

முத்து முகம்மது பெரியவரின் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். பெரியவரும் நிமிர்ந்தார்.

"இந்த வீட்டுல என் மூத்த மவன் முத்து முகம்மதுக்கு உள்ள மரியாதையை முதல்ல கொடுத்தவங்க நீங்கதான். அதுக்கு அவன் உம்மா நன்றி சொல்றா. இனிமே தனக்கு முதல்ல குனிய வேணாம்னு அவன் கெஞ்சுனாலும் நீங்க கேக்க வேணாம்."

முத்து முகம்மது வாயைத் திறந்தான். சொல் வரவில்லை. அந்த மொழியில் அவன் படித்ததெல்லாம் பிறரை உயர்த்தவும் தன்னைத் தாழ்த்தவும்தான். தன்னை ஒருவர் உயர்த்தியதைத் தன் வாயால் சொல்வது எப்படி என்று யுன் அவனுக்குக் கற்றுக் கொடுத்திருக்கவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. பெரியவர் அவனை அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்.

அப்போதுதான் மாடிப்படியின் பக்கம் அவருடைய பார்வை போனது. முத்து முகம்மதுவும் திரும்பினான்.

பர்கத்துல்லா நின்றுகொண்டிருந்தான். செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டு வந்திருக்கிறான். கையில் தட்டு, தட்டில் அத்தர்க் குப்பி. எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று யாருக்கும் தெரியவில்லை. மூத்த மவன் முத்து முகம்மது என்ற வார்த்தைகளைக் கேட்கும் அளவுக்கு நின்றிருக்கிறான் என்பது முகத்தில் இருந்தது.

அவன் சத்தம் போடவில்லை. தட்டைக் கொண்டுவந்து பெரியவரின் முன்னால் குப்பி சாயாமல் வைத்தான். தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை. திரைக்கு எதிரே போய் நின்றான்.

"அப்ப நான் யாரு, உம்மா?" என்றான்.